லொறி வேலைக்கு யாழ்ப்பாணம் போகும் பிள்ளைக்கு

(தோட்ட வாசிகசாலை ஒன்றில் பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் நமது நலன்புரி நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைக்கு எங்களைப் பேசச் சொன்ன விஷயம் லொறி வேலை. ஓ.எல். எழுதிவிட்டு லயத்தில் இருக்கிற பிள்ளைகள் பலரும், "யாழ்ப்பாணத்தில லொறிக்கு ஆள் எடுக்கிறாங்களாம், டிரைவிங்கும் பழக்கி விடுவாங்களாம், போகட்டுமா?" என்று கேட்டு வருகிறார்கள். கேள்வி ஒன்றுதான், ஆனால் அதற்குள்ளே நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. யார் பழக்குவது? எதில் பழக்குவது? செலவு யாருடையது? பழகிய பிறகு சம்பளம் எப்படி? ஒன்று நடந்துவிட்டால் பொறுப்பு யார்?

போ என்றும் போகாதே என்றும் சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளை எந்த முதலாளியிடம் போய் ஏறுகிறான் என்பதைப் பார்த்துப் போக வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறோம். முதல் வேலை நல்ல இடத்தில் அமைந்துவிட்டால் பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் தொழில். கெட்ட இடத்தில் மாட்டினால் லைசன்ஸ் எடுக்கும் முன்னமே பேர் கெட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஏன் லொறி வேலை?

யாழ்ப்பாணம் ஒரு குடாநாடு. மூன்று பக்கமும் கடல். ஆனையிறவு வழியாகப் போகும் ஏ9 வீதிதான் அதற்குப் பிரதான வாசல். சண்டைக் காலத்தில் அந்த வாசல் பல தடவை மூடப்பட்டது. 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது நின்றது. வீதி 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. அந்தக் காலங்களில் அரிசி, மா, சீனி எல்லாம் கப்பலில் போய்த்தான் இறங்கின. 2009இல் சண்டை முடிந்த பிறகே லொறிகள் பழையபடி ஓடத் தொடங்கின. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதால் பூநகரி வழியாக இரண்டாவது பாதையும் கிடைத்தது. 2014 அக்டோபரில் ரயிலும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது.

இதை ஏன் சொல்கிறோம்? அங்கே சாமான் போவதும் வருவதும் பெரும்பாலும் லொறியிலேதான். முன்பு காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இருந்தது. 1990இல் அது நின்றுவிட்டது. அன்று அங்கிருந்து வெளியே போன சீமெந்து இன்று புத்தளத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் உள்ளே வருகிறது. நுவரெலியா கரட்டும் லீக்ஸும் தம்புள்ளைச் சந்தை வழியாக திருநெல்வேலிக்கும் சுன்னாகத்துக்கும் போகின்றன. அங்கிருந்து சின்ன வெங்காயம், புகையிலை, கருவாடு தெற்கே வருகின்றன. சாமான் இருக்கிற வரைக்கும் டிரைவர் தேவைப்படுவான்.

நமது பிள்ளையிடம் இருக்கிற கைமுதல்

நம்ம பிள்ளைகள் வெறுங்கையோடு போகவில்லை. ஒன்று, பாஷை. தமிழும் பேசுவான், சிங்களமும் பேசுவான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கோ தம்புள்ளைக்கோ ஓடும் லொறியில் அது பெரிய காரியம். பொலிஸ் மறித்தாலும், பாதி வழியில் டயர் போனாலும், சந்தையில் கணக்குப் பேசினாலும் அந்தப் பாஷை கைகொடுக்கும். இரண்டாவது, மலைப்பாதை. வளைவும் இறக்கமும் பனிமூட்டமும் பார்த்து வளர்ந்தவன் அவன். சமதரையில் பழகியவர்களுக்கு அந்தக் கண் இலேசில் வராது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நமது சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வடக்கே போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் அவை. பிள்ளை போகிற பாதையில் ஒரு மாமா வீடோ சித்தி வீடோ இருந்தால் விலாசத்தை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

இந்தக் கைமுதல் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்து போகிறவன் முதலாளி முன்னால் கூனிக் குறுகி நிற்க மாட்டான்.

முதலில் காகிதம், பிறகு ஸ்டியரிங்

சாரதி அனுமதிப்பத்திரம் கொடுப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். எந்தக் கம்பனியும் லைசன்ஸ் கொடுக்க முடியாது. "நாங்களே எடுத்துக் கொடுப்போம், பரீட்சைக்கும் போகத் தேவையில்லை" என்று ஒருவன் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

18 வயது நிறைந்தவுடன் இலகு வாகனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் வைத்தியச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அதில் சித்தியடைந்தால் பழகுநர் அனுமதி. எல் போர்டு போட்டுப் பழகிய பிறகு ஓட்டிக் காட்டும் பரீட்சை.

லொறியிலும் வகுப்பு இருக்கிறது. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரைக்கும் சி1 வகுப்பு. அதற்கு மேலே சி வகுப்பு. இழுவைப் பெட்டி பூட்டிய கொள்கலன் லொறிக்கு சிஈ. கார் லைசன்ஸை வைத்துக்கொண்டு பெரிய லொறி ஓட்ட முடியாது. ஓட்டினால் சட்டப்படி அது லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான். ஆகவே "என்ன லொறி?" என்பதை முதலில் கேளுங்கள். பட்டாவா, கன்டரா, பத்துச் சில்லு லொறியா, கொள்கலனா? அதற்கேற்ற வகுப்பு உங்கள் பிள்ளையின் அட்டையில் இருக்கிறதா?

இன்னொன்று, பேர். நம்ம தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், பாடசாலையில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். லைசன்ஸும் சேமலாப நிதியும் காப்புறுதியும் பேரை வைத்துத்தான் நடக்கின்றன. ஓர் எழுத்து வித்தியாசம் பின்னால் ஒரு வருஷ அலைச்சல். பிள்ளை பஸ் ஏறுமுன்னே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பேரைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நாலு வகை முதலாளிமார்

குடாநாட்டில் லொறி வைத்திருப்பவர்களை நாங்கள் நாலு வகையாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

முதல் வகை, ஒன்றிரண்டு லொறி வைத்திருக்கும் தனி முதலாளி. மரக்கறி, வெங்காயம், அரிசி என்று கிடைத்த லோட்டை ஏற்றுவார். பலர் தாங்களே ஓட்டியவர்கள். தொழிலைக் கைபிடித்துக் கற்றுத்தரக் கூடியவர்களும் இவர்களே. ஆனால் காசு ட்ரிப் கணக்கில் வரும். லொறி கராஜில் படுத்தால் பிள்ளையின் வருமானமும் படுத்துவிடும்.

இரண்டாவது வகை, பிஸ்கட், சவர்க்காரம், பால்மா போன்ற சாமான்களைக் கடைகடையாகக் கொடுக்கும் விநியோக முகவர்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் ஓட்டம். சிறிய லொறி. மாதச் சம்பளம் கிடைக்கக்கூடிய இடம். புதுச் சாரதிக்கு இது நல்ல ஆரம்பம். ஆனால் கடைக் காசு கையில் வரும். கணக்குக் குறைந்தால் யார் கட்டுவது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மூன்றாவது வகை, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பொதி, கொள்கலன், எரிபொருள் பவுசர் ஓட்டும் நிறுவனங்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பாதை, பெரும்பாலும் இரவு ஓட்டம். ஒழுங்கு இருக்கும், வருமானமும் இருக்கும். ஆனால் அனுபவம் இல்லாதவனுக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால்தான் பயப்பட வேண்டும்.

நாலாவது வகை, டிப்பர். கல், மணல், கிரவல் ஏற்றுவது. ஆள் அவசரமாகத் தேவைப்படுவதும், புதுப் பையனைச் சீக்கிரம் ஏற்றிவிடுவதும் இங்கேதான். அதனாலேயே இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

எங்கள் யோசனை, முதல் இரண்டு வருஷத்துக்கு இரண்டாவது வகை, அல்லது நல்ல பேருள்ள முதலாவது வகை. பிறகு பெரிய லொறிக்கு ஏறலாம். படியேறிப் போகிறவன் விழுந்தாலும் அடி குறைவு.

பழக்குவது என்றால் என்ன?

"பழக்கி விடுவோம்" என்று எல்லோரும் சொல்லுவார்கள். சில இடங்களில் அந்தப் பழக்கம் மூட்டை தூக்குவதிலேயே முடிந்துவிடும். இரண்டு வருஷம் கிளீனராக இருந்தும் ஸ்டியரிங்கைத் தொடாத பையன்கள் இருக்கிறார்கள். வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறு. டிரைவருக்குத் தூக்கம் வந்தால், நடுச்சாமத்தில், லைசன்ஸ் இல்லாத பையனிடம் "கொஞ்சத் தூரம் புடி தம்பி" என்று கொடுத்துவிடுவார்கள். அந்தக் கொஞ்சத் தூரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தால்? வன்னிப் பகுதியில் ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருப்பது வழக்கம். லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டியதென்றால் காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிடும். வழக்கு பிள்ளையின் பேரில்தான் விழும்.

முறையான பழக்கம் என்றால் இவ்வளவும் இருக்க வேண்டும். காலையில் எண்ணெய், தண்ணீர், டயர், விளக்கு, பிரேக் பார்ப்பது. காற்றுப் பிரேக் உள்ள லொறியில் காற்று நிறையும் வரை பொறுத்து எடுப்பது. கண்ணாடி பார்த்துப் பின்னுக்கு எடுப்பது. பாரத்தைச் சரியாகப் பரப்பி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்குவது. பிறகு, பக்கத்தில் மூத்த சாரதி இருக்க, முதலில் வெறும் லொறியும் பின்பு பாரத்தோடும் ஓட்டுவது.

முக்கியமாக இறக்கம். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. அங்கே மட்டும் பழகியவன் முதல்தடவை பாரத்தோடு கடுகண்ணாவையிலோ ரம்பொடையிலோ இறங்கும்போதுதான் சோதனை வரும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே சின்னக் கியருக்கு மாற்றி, இஞ்சினே லொறியைப் பிடித்து வைத்திருக்கும்படி இறங்க வேண்டும். நம்ம தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவருக்கு இது நன்றாகத் தெரியும். போகுமுன் ஒரு நாள் அவரோடு போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பாடத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

கம்பனியை நம்பாமல் வெளியிலேயே பழகிக்கொண்டு போகவும் வழி இருக்கிறது. திணைக்களத்தில் பதிவுசெய்த சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் இருக்கின்றன. தொழிற் பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை ஆகியவற்றிடம் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். மோட்டார் மெக்கானிசமும் படிக்க விரும்புகிறவனுக்கு, கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. இஞ்சின் தெரிந்த டிரைவரை எந்த முதலாளியும் இலேசில் விட மாட்டார்.

இலவசப் பயிற்சியின் விலை

அமெரிக்காவில் சில பெரிய லொறிக் கம்பனிகள் பயிற்சியைச் சும்மா கொடுத்துவிட்டு, "ஒரு வருஷம் எங்களிடமே ஓட்ட வேண்டும், இடையில் விட்டுப் போனால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும்" என்று எழுதி வாங்குவதுண்டு. நம் நாட்டிலும் அதே கதை வாய்ப்பேச்சில் நடக்கிறது. எழுதி வாங்கினாலாவது என்ன இருக்கிறது என்று வாசிக்கலாம். வாய்ப்பேச்சில் கணக்கு நாளுக்கு நாள் வளரும்.

ஆகவே கேளுங்கள். பயிற்சிக்கு எவ்வளவு? சம்பளத்தில் கழிப்பதா? மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்? இடையில் வந்துவிட்டால் என்ன? பதிலை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும். பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். தோடு, சங்கிலி அடகு வைத்துப் பணம் கட்டுகிற அம்மாமாருக்குச் சொல்கிறோம், பற்றுச்சீட்டு இல்லாத இடத்தில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் லொறித் தொழிலுக்குப் பேர்போன இடம். கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்த லொறி வாங்கியவர்கள் அங்கே நிறைய. அந்தப் பாதை நம்ம பிள்ளைக்கும் திறந்ததுதான். ஆனால் கடனோடு தொடங்குகிறவனுக்கு அது நீளமான பாதை.

சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியாத பங்கு

நமக்கு ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். புதிய சொற்கள் அல்ல. தோட்டத்தில் இருபது முப்பது வருஷம் வேலை செய்துவிட்டுக் கடைசியில் கையில் வருகிற பெரிய காசு அதுதான். லொறி வேலைக்கும் அதே சட்டம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம்.

மாதம் 40,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டியது 4,800, அத்தோடு 1,200, மொத்தம் 6,000 ரூபா. "ட்ரிப் காசு கையில தாறன், அதெல்லாம் வேணாம்" என்று ஒருவர் சொன்னால், பிள்ளை வருஷத்துக்கு 72,000 ரூபாவை விட்டுக்கொடுக்கிறான் என்று அர்த்தம். அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் கிடைக்காவிட்டால் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்குச் சம்பளச் சபையும் இருக்கிறது. அதற்குக் குறைவாகக் கொடுக்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

லொறி நிற்கும் நாளையும் கேட்டு வையுங்கள். 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தன. வரிசையில் படுத்துக் கிடந்தவனுக்கு அது வேலை நாளா, லீவு நாளா? திரும்பி வரும்போது லோட் இல்லாமல் வெறும் லொறியாக வந்தால் ட்ரிப் காசு முழுதா, பாதியா? வழியில் சாப்பாடு, பொலிஸ் தண்டம், டயர் செலவு யாருடையது? இவற்றைக் கேட்பது அவமரியாதை இல்லை. நல்ல முதலாளி பதில் சொல்லுவார்.

வேலையில் அடிபட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம் அது. ஆனால் பிள்ளை அந்த லொறியில் வேலை செய்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். வேலைக் கடிதம், சம்பளத் துண்டு, சேமலாப நிதி இலக்கம், ஏதாவது ஒன்று. மூன்றும் இல்லாதவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பான்?

ஏறக் கூடாத லொறி

மணலைப் பற்றிச் சொன்னோம். மணல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். வடமராட்சி கிழக்கிலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் அனுமதியில்லாமல் மணல் ஏற்றிய டிப்பர்கள் பிடிபடுவது பத்திரிகைகளில் அடிக்கடி வருகிற செய்தி. மறிக்கும்போது ஸ்டியரிங்கில் இருப்பவன்தான் முதலில் கைதாவான். முதலாளி அப்போது வீட்டில் இருப்பார். அனுமதிப்பத்திரம் லொறியில் இல்லையென்றால் "நான் எடுக்க மாட்டேன் ஐயா" என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்குங்கள். வேலை போனாலும் பரவாயில்லை. வழக்கு விழுந்தால் லைசன்ஸும் போகலாம்.

அதேமாதிரி, தெரியாத பார்சல். வடகரையில் கேரள கஞ்சா பிடிபடாத காலம் குறைவு. "இந்தப் பையை கொழும்பில ஒருத்தரிட்ட குடுத்துரு தம்பி, ஐயாயிரம் தாறன்" என்று வழியில் கொடுக்கப்படும் எதையும் தொடக் கூடாது. பற்றுச்சீட்டில் எழுதாத சாமான் லொறியில் ஏறவே கூடாது.

லொறியின் காகிதங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ். ஒன்று காலாவதியாகியிருந்தாலும் தண்டம் எழுதப்படுவது சாரதிக்கே.

மரியாதையும் ஒரு சம்பளம்

கடைசியாக ஒரு விஷயம். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கும் கடைக்கும் கூட்டிக்கொண்டு போய், பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அது குடாநாட்டிலும் நடந்தது, கொழும்பிலும் நடந்தது. நம்ம பெரியவர்களுக்கு அது மறக்கவில்லை. இன்றைக்கு அங்கே அன்பாக நடத்தும் முதலாளிமாரும், பிள்ளையைத் தன் மேசையில் வைத்துச் சோறு போடும் குடும்பங்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரு தராசில் போட வேண்டாம்.

ஆனால் பார்த்து வாருங்கள். பிள்ளையை ஏற்றி அனுப்புமுன் தகப்பனோ அண்ணனோ ஒரு தடவை நேரில் போக வேண்டும். பிள்ளை எங்கே படுப்பான்? லொறிக்குள்ளேயா, அறையிலா? சாப்பாடு யாரோடு? பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? அங்கே ஏற்கனவே வேலை செய்கிற இரண்டு பையன்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். எத்தனை பேர் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் குறை ஆளிலா, இடத்திலா என்று யோசியுங்கள். அடையாள அட்டையையும் லைசன்ஸையும் "நான் பத்திரமா வச்சிருக்கன்" என்று வாங்கி வைக்கும் முதலாளியிடம் ஒரு நாளும் நிற்க வேண்டாம். அவை பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டியவை.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். முதலாளி ஏசினால் ஏசட்டும். லோட் ஒரு மணித்தியாலம் பிந்திப் போகலாம், அம்மாவுக்கு நீங்கள் பிந்தியாவது வந்து சேர வேண்டும்.

போகிற பிள்ளைகள் ஒப்பந்தத் தாளைக் கையெழுத்து வைக்குமுன் நமது நிதியத்தின் தோட்ட உத்தியோகத்தரிடம் கொண்டுவந்து காட்டலாம். வாசித்து விளங்கப்படுத்துவோம். தேவைப்பட்டால் தொழில் அலுவலகத்துக்கும் கூட வருவோம். பேர் திருத்தம் இருக்கிறவர்கள் இந்தக் கூட்டம் முடிந்தவுடனேயே எங்களிடம் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.